எடுக்காமல் கிடந்த சீட்டு

அன்புள்ள தாயி,

நீ பஸ் ஏறி மூன்று நாள் ஆகிறது. போன் பண்ணினால் ரூமில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்கிறாய், மீன் மலிவு என்கிறாய், கடல் காற்றில் முடி பிசுபிசுக்கிறது என்கிறாய். புதிதாகச் சேர்ந்த மருந்தாளுநர் வேலையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று காலையில் துணி மடித்துக்கொண்டே நீ உன் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "டாக்டர் எழுதுறத எடுத்துக் குடுக்குற வேலைக்கு எதுக்கும்மா தெருவெல்லாம் லட்டு குடுத்துக்கிட்டு இருக்க?" என்றாய். உன் அம்மா சிரித்து மழுப்பினாள். டாக்டருக்குப் படிக்க முடியாமல் போனதில் உனக்குள் ஒரு சுணக்கம் இருப்பது எனக்குத் தெரியும். அப்போதே உள்ளே வந்து உனக்கு ஒன்று சொல்ல நினைத்தேன். ஆனால் அதை ஐந்து வருடத்துக்கு முந்தி நடந்ததிலிருந்து சொல்ல வேண்டும். பஸ்ஸுக்கு அரை மணிதான் இருந்தது. இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்து இப்படிப்பட்ட விஷயங்கள் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, "அப்பாவுக்குச் சர்க்கரை கூடிப்போச்சு, கொஞ்ச நாள் வண்டி ஓட்ட வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று உன்னிடம் சொன்னோம். அது பொய். எனக்குச் சர்க்கரை கிடையாது. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் இனிப்பில்லாத காபி போட்டுத் தந்தாய், நானும் முகம் சுளிக்காமல் குடித்தேன். அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னவன் நான்தான், அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. அந்த வருடம் நான் உயிரை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இதைப் படித்துவிட்டு நடுங்காதே தாயி. நான் இன்று காலை இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

கந்தர்வக்கோட்டைக்கு இந்தப் பக்கம், முந்திரித் தோப்புக்கு நடுவிலிருந்து ஒரு மண்பாதை வந்து தார் ரோட்டில் ஏறும் இடம் உனக்குத் தெரியும். மத்தியானம் பன்னிரண்டு மணி டிரிப். மொபெட்டில் ஒரு பெரியவர் அந்தப் பாதையிலிருந்து திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டார். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அவர் பெயர் சின்னையா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். விசாரணை நடந்தது. வேகம் சரி, பிரேக் சரி, டிரைவர் மீது தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் மறுபடி அதே ரூட்டில் வண்டி எடுத்தேன். அந்த மண்பாதை வரும்போதெல்லாம் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். பிறகு தூக்கம் போனது. பிறகு பசி போனது. அதற்கப்புறம் போனது எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். உன் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள், "ஒங்க மேல தப்பில்லன்னு எழுத்துலயே குடுத்துட்டாங்கல்ல, இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள். அவள் நல்லதுக்குத்தான் கேட்டாள். எனக்கோ இந்த வீட்டுக்கு நான் ஒரு பாரம் என்று அவள் சொன்னதுபோல் கேட்டது. அந்த நோய் வந்தவன் காதில் எல்லாமே அப்படித்தான் விழும்.

இதே தவறை நான் வேறொருவருக்குச் செய்திருக்கிறேன் என்பதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அதற்கும் பல வருடம் முன்னால், டெப்போ ஓய்வறையில் என்னோடு வேலை பார்த்த ஒரு டிரைவர், "உசுரோட இருக்கவே புடிக்கலப்பா" என்றார். நான் சட்டை மாற்றிக்கொண்டே, "போய் ஒரு குவார்ட்டரப் போட்டுட்டுப் படு, காலைல சரியாப்போயிரும்" என்று சொல்லிச் சிரித்தேன். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் என்ன ஆனார் என்று நான் கேட்கவே இல்லை. என் தலையில் இடி விழுந்த பிறகுதான் நம்பர் தேடிப் பிடித்து அவருக்குப் போன் செய்தேன். நல்லபடியாக இருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னதே எனக்கு ஞாபகம் இல்ல, விடுப்பா. ஆனா அன்னைக்கு யாராச்சும் பக்கத்துல ஒக்காந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அந்த விபத்துக்கு ஆறு மாதம் முன்பு எங்கள் டெப்போவில் ஒரு கூட்டம் போட்டார்கள். மாவட்ட ஆஸ்பத்திரி மனநல டாக்டரம்மாவும் நம் பக்கத்துக் கிராம சுகாதார நர்ஸ் ஆரோக்கியமேரியும் வந்து பேசினார்கள். ஆரோக்கியமேரியை உனக்குத் தெரியும். ஆவூர்க்காரர், தினமும் என் வண்டியில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டில் வந்து, பை நிறையத் தடுப்பூசிப் பெட்டியோடு இறங்குவார். உயிரை விட நினைப்பவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள், என்ன கேட்க வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு மணி நேரம் சொன்னார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்டக்டர் செல்லத்துரை மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் அவனைக் கேலி செய்தேன். "பரீட்ச எழுதப் போறியாடா?" என்றேன். அவன் அன்றைக்கு எழுதாத பரீட்சையை எனக்காக எழுத வேண்டி வந்தது.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. காலை டிரிப் முடித்து வண்டியைக் கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினேன். அடுத்த டிரிப்புக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. கையில் இருந்த வாட்சைக் கழற்றி செல்லத்துரையிடம் கொடுத்து, "நீ வச்சிக்கடா, எனக்கு இனிமே இது எதுக்கு" என்றேன். அவன் வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். "எங்கண்ணே போறீங்க?" என்றான். "உரக்கடைக்கு. முந்திரிக்கு மருந்தடிக்கணும்" என்றேன். நமக்கு ஒரு சென்ட் முந்திரி கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். என்னைப் பிடித்து நிறுத்தவில்லை, கத்தவும் இல்லை. நான் ரோட்டைத் தாண்டியதும் ஆரோக்கியமேரிக்குப் போன் போட்டிருக்கிறான். "நர்சம்மா, நீங்க கூட்டத்துல சொன்னீங்கள்ல, பொருள எடுத்து எடுத்துக் குடுப்பாங்கன்னு. டிரைவரண்ணே வாட்ச்சக் குடுத்துட்டாரு. உரக்கடைப் பக்கம் போறாரு." அவ்வளவுதான் சொன்னானாம். சொல்லிவிட்டு என் பின்னாலேயே தூரத்தில் நடந்து வந்தான்.

உரக்கடை வள்ளியம்மை அக்காவை நான் அதற்கு முன்னால் ஒரு வாடிக்கையாளனாகக்கூடப் பார்த்ததில்லை. புருஷன் போன பிறகு பதினைந்து வருடமாகக் கடையைத் தனியாக நடத்துகிறவர். நான் மருந்து கேட்டேன். அவர் எடுக்கப் போகவில்லை. "எந்தப் பயிருக்குத் தம்பி?" என்றார். சொன்னேன். "என்னா பூச்சி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "எத்தன மரம்?" என்றார். அதற்கும் பதில் இல்லை. "அதெல்லாம் உள்ள பூட்டி வச்சிருக்கு. சாவி எம்மவன்கிட்ட இருக்கு, வர அரை மணி ஆகும். இங்கிட்டு வந்து நெழல்ல ஒக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். வியாபாரத்துக்கு வந்த இரண்டு பேரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பிறகு, சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல, குரல் மாறாமல் கேட்டார்: "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. உசுர விட்டுரணும்னு தோணுதா?"

தாயி, ஏழு மாதமாக ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள், என்ன குறை என்று கேட்டார்கள், தைரியமாக இரு என்றார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் எங்கே அந்த எண்ணத்தை எடுத்துக் கொடுத்ததுபோல் ஆகிவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். கேட்டதும் எனக்கு ஒன்றும் புதிதாகத் தோன்றவில்லை. நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த ஒரு மூட்டையை இன்னொருவர் ஒரு பக்கம் பிடித்ததுபோல் இருந்தது. "ஆமாக்கா" என்றேன். சொல்லிவிட்டு உர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சிறுபிள்ளை மாதிரி அழுதேன். அக்கா சமாதானம் சொல்லவில்லை. "அழுவுங்க, நான் இங்கனதான் இருக்கேன்" என்றார். செல்லத்துரை கடை வாசலில் நின்று வருகிறவர்களை வேறு பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தான். ஆரோக்கியமேரி ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தபோது அவர் நெற்றியெல்லாம் வேர்வை. அந்தச் சாவி அவ்வளவு நேரமும் அக்காவின் இடுப்பில்தான் இருந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கடையில் யாருக்கும் அப்படித்தானாம். எந்தப் பயிர், என்ன பூச்சி என்று சொல்லாதவருக்குச் சாவி வெளியூரில்தான் இருக்கும்.

மாவட்ட ஆஸ்பத்திரிக்கு என்னை யாரும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. "வீட்ல யாரக் கூப்புடலாம்ண்ணே?" என்று கேட்டார் நர்ஸ். உன் அம்மாவின் நம்பரைச் சொன்னேன். அவள் வரும்வரை மூவரும் என்னோடு இருந்தார்கள். அவள் வந்ததும் நானே எழுந்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். டாக்டரம்மா உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான். எனக்கு மூன்று பயம் இருந்தது: போலீஸ் கேஸ் ஆகிவிடும், வேலை போய்விடும், பைத்தியம் என்று பெயராகிவிடும். மூன்றையும் அவர் என் வாயிலிருந்தே வரவைத்தார். உயிரை விட நினைத்தவரை இப்போது சட்டம் தண்டிக்க நினைப்பதில்லை, பார்த்துக்கொள்ளத்தான் சொல்கிறது என்றார். உங்களுக்கு வந்திருப்பது மனச்சோர்வு நோய், அந்த விபத்து அதற்கு ஒரு வாசல், அது மட்டுமே காரணம் என்று நினைக்காதீர்கள், மருந்தும் பேச்சும் இருந்தால் சரியாகும் என்றார். டெப்போவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றபோது, "நீங்க சம்மதிக்காம ஒரு வரிகூட எழுத மாட்டேன். எழுதுறதையும் ஒங்ககிட்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் அனுப்புவேன்" என்றார். அப்படியே செய்தார். எங்கள் கிளை மேலாளர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை டைம் கீப்பர் அறைக்கு மாற்றினார். என்ன வியாதி என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை சாயங்காலமே ஆரோக்கியமேரி உன் சித்தப்பா வீட்டுக்குப் போய், கொட்டகையில் இருந்த பூச்சிமருந்தையெல்லாம் எடுத்துக் கட்டி வள்ளியம்மை அக்கா கடைப் பூட்டுக்குள் வைத்துவிட்டார். சித்தப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். நர்ஸும் காரணம் சொல்லவில்லையாம். எனக்கு இன்றுவரை அது ஆச்சரியம்.

இனிதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் சன்னலில் சாகுல் என்று ஒரு மருந்தாளுநர். கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு சீட்டைப் பார்ப்பார், மாத்திரையை எடுப்பார், நீட்டுவார். முதல் நாள் அவர் எனக்கு ஒரு வாரத்துக்கு மட்டும்தான் கொடுத்தார். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாதத்துக்குக் கொடுக்கிறாரே என்று எனக்குக் கோபம். "நான் என்ன வாரா வாரம் பஸ் ஏறி வரணுமா?" என்று சத்தம் போட்டேன். "வாங்களேன், ஒங்களப் பார்த்த மாதிரியும் இருக்கும்" என்று சிரித்தார். வீட்டில் அதிகம் மாத்திரை சேர்ந்து கிடக்கக் கூடாது என்று அவரும் டாக்டரம்மாவும் பேசி வைத்த ஏற்பாடு அது. என் முகத்துக்கு நேரே அதைச் சொல்லாமல் என்னைப் பார்க்க ஆசைப்படுவதாகச் சொன்னார் பார், அதற்கு எவ்வளவு மனசு வேண்டும். மாத்திரையை அம்மாதான் எடுத்துவைத்துக் கொடுப்பாள். வாரம் ஒருமுறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று போய் வந்தேன். சாப்பாட்டில் உப்பு தெரிய ஆரம்பித்தது.

மூன்றாவது மாதம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று தோன்றியது. அந்த மாத்திரை சாப்பிட்டால் பகலில் கண் சொக்கியது. இதைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் இனி ஜென்மத்துக்கும் வண்டி ஓட்ட விடமாட்டார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு. டாக்டரம்மாவிடம் சொல்லக் கூச்சம். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். அம்மா கையிலிருந்து வாங்கி வாயில் போடுவதுபோல் போட்டுவிட்டுக் கொல்லையில் துப்பினேன். அவளை அப்படி ஏமாற்றியதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் டெப்போவில் வேலை என்று சொல்லிவிட்டேன். பத்தே நாளில் பழைய மூட்டை மறுபடி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை நான் செல்லத்துரையிடம் எதையும் கொடுக்கவில்லை. அவன் கண்டுபிடித்துவிடுவான் என்று தெரிந்து, அவனைப் பார்த்தால் சிரித்தேன்.

ஒரு மத்தியானம் டைம் கீப்பர் அறை வாசலில் நிழல் விழுந்தது. சாகுல். கையில் சாப்பாட்டுப் பை. தன் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பி வந்திருந்தார். "பக்கத்துல ஒரு வேலையா வந்தேன்" என்றார். அதுவும் பொய்தான் என்று பிறகு தெரிந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வர வேண்டியவங்க பேரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிக்கிட்டு, வந்தவங்க பேர சாயங்காலம் அடிச்சிருவேன். ஒங்க பேரு மட்டும் அடிக்காம நின்னுச்சு. எங்ககிட்ட வச்சிருக்குற ஒங்க மருந்துச் சீட்டு எடுக்காமக் கெடந்துச்சு. மறுநாளும் கெடந்துச்சு. எனக்கு சோறு எறங்கல அண்ணே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் மாத்திரை வாங்க வரவில்லை என்று அவர் கேட்கவில்லை தாயி. "மாத்திரை என்னா தொந்தரவு பண்ணுது?" என்று கேட்டார். குற்றத்தை மாத்திரையின் மேல் வைத்துக் கேட்டதால்தான் என்னால் சொல்ல முடிந்தது. கண் சொக்குவதைச் சொன்னேன். வண்டி ஓட்ட முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தைச் சொன்னேன். பழைய எண்ணம் திரும்பி வந்துவிட்டதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. கை மட்டும் என் கையை விடவில்லை.

"இதுக்கு வழி இருக்கு. ஆனா நானா மாத்திச் சொல்லக் கூடாது, அது டாக்டர் வேலை. சொக்குறத நான் அவங்களுக்குச் சொல்றேன், மத்தத நீங்க சொல்லணும். இப்பவே போவமா?" என்றார். அவர் கொண்டுவந்த சோற்றை இருவரும் பாதிப்பாதி சாப்பிட்டோம். பிறகு அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். டாக்டரம்மா வெளி நோயாளிகளையெல்லாம் பார்த்து முடித்திருந்தார். சாகுல் நின்றுகொண்டே, எந்த நேரத்தில் சாப்பிட்டால் எத்தனை மணி வரை கண் சொக்குகிறது என்று சொல்லச் சொல்ல, அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சாகுல் சார், இத நான் மொதல்லயே கேட்டிருக்கணும்" என்றார். பழைய எண்ணம் திரும்பியதை நானே சொன்னேன். அவர் மருந்தையும் நேரத்தையும் மாற்றினார். அம்மாவைக் கூப்பிட்டு என்னையே உண்மையைச் சொல்லச் சொன்னார். உன் அம்மா என்னைத் திட்டவில்லை. சாகுலைப் பார்த்துக் கைகூப்பினாள். அவர் பதறிப்போய், "அய்யோ, நான் நோட்டப் பாத்தேன், அவ்வளவுதாம்மா" என்றார்.

எட்டு மாதம் கழித்து, டாக்டரம்மா சரி என்று சொல்லி, டெப்போவிலும் ஓட்டச் சொல்லிச் சோதித்த பிறகு, மறுபடி வண்டி எடுத்தேன். அந்த மண்பாதை இன்றும் எனக்குச் சும்மா கடந்துபோகும் இடம் இல்லை. ஆனால் கடந்து போகிறேன். சின்னையாவின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உங்கள் பாரத்தை இறக்க அவர்கள் வாசலுக்குப் போகக் கூடாது, முதலில் அவர்களைக் கேட்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆரோக்கியமேரி போய்க் கேட்டார். "இப்ப வேணாம்" என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார்கள். இன்றுவரை வேண்டாம் என்றுதான் இருக்கிறது. அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த வீட்டுக்கும் நர்ஸ் மாதம் ஒருமுறை போகிறார் என்று எனக்குத் தெரியும். என்னைப் பிடித்த கைகளே அவர்களையும் பிடித்திருக்கின்றன.

போன வருடம், இப்படித் தவிப்பவர்களைத் தேடிப் பிடிக்க அவர்கள் மாதாமாதம் போடும் கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நீள மேசை. சுற்றிலும் டாக்டரம்மா, நர்ஸ், சாகுல், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஸ்டேஷன் ஏட்டு ஒருவர், ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாதிரியார், எங்கள் செல்லத்துரை, வள்ளியம்மை அக்கா. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கும்பிட வேண்டும்போல் இருந்தது. அக்கா சொல்கிறார், "டாக்டரம்மா, நடவு முடிஞ்ச கையோட கடைக்கு வர்றவங்க மொகத்தப் பாக்கணும், யாரு மனசு ஒடிஞ்சிருக்காங்கன்னு அப்பதான் வெளிச்சமாத் தெரியும்" என்று. அவ்வளவு படித்தவர் அதைக் குனிந்து எழுதிக்கொள்கிறார். நர்ஸ் சண்டை போடுகிறார், நோயாளிகளைக் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் எங்கள் பக்கத்திலிருந்து பஸ் எங்கே இருக்கிறது என்று. அந்த இடத்திலேயே நேரம் மாறுகிறது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிடாதே. அந்த மாதம் ஒருவரை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் தவறு என்று அங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை. அவர் வீட்டில் மிஞ்சியிருப்பவர்களை யார் போய்ப் பார்ப்பது என்றுதான் பேசினார்கள். பாதிரியார் நான் போகிறேன் என்றார். ஏட்டும் சீருடை இல்லாமல் கூட வருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து நினைத்து நினைத்துப் பார்த்தேன். டிக்கெட் கிழிக்கிறவன், உரம் விற்கிறவர், ஊசி போடுகிறவர், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர். இவர்களில் ஒருவர் கொஞ்சம் அசந்திருந்தாலும், நமக்கென்ன என்று அடுத்தவரைக் கூப்பிடாமல் இருந்திருந்தாலும், நீ இன்று இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டாய். யாரும் தன்னால் முடியாததைச் செய்யவில்லை. ஆளுக்கு அவரவர் வேலையைச் செய்தார்கள், பிறகு என்னைக் கீழே வைக்காமல் அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். மலையைப் பார்த்திருக்கிறேன், கடலைப் பார்த்திருக்கிறேன், இதைப் போல என்னை வாயடைக்க வைத்தது வேறொன்றும் இல்லை. அந்த மேசையில் உனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது, அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். வராதவரின் பெயரைத் தேடு. தேடிப் பிடித்தால் திட்டாதே. நீ ஒருத்தியே எல்லாவற்றையும் சுமக்கவும் பார்க்காதே. நர்ஸைக் கூப்பிடு, டாக்டரைக் கூப்பிடு. உனக்கே எப்போதாவது அப்படி ஒரு மூட்டை நெஞ்சில் ஏறினால், நல்லாருக்கேன் என்று போனில் சொல்லிவிடாதே. உன் அப்பனுக்கு அது என்ன எடை என்று தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். மூன்று வாரம் முன்னால் ஆரோக்கியமேரி என்னிடம் வந்தார். ஒருவர் யாரோடும் பேசமாட்டேன் என்கிறார், மருந்தும் வேண்டாம் என்கிறார், வந்து சும்மா பக்கத்தில் உட்கார முடியுமா என்று கேட்டார். அவர் பெயரோ ஊரோ உனக்குச் சொல்லமாட்டேன். அவரையும் கேட்டுவிட்டுத்தான் என்னை அனுப்பினார்கள். நான்கு நாள் போனேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், நான் அவர் வீட்டு வேப்பமரத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். என் கதையைக்கூடச் சொல்லவில்லை. நேற்று ஐந்தாம் நாள். ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பலாம் என்று எழுந்து செருப்பைத் தேடினேன். முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க?"

பதினொன்றுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் தாயி. இப்போது மணி பத்தே கால். அம்மா கூப்பிடுகிறாள், நானும் கிளம்ப வேண்டும்.

உன்
அப்பா